ஜவ்வரிசி சொன்ன பழமை

எங்கள் குளத்து வீதியில் பதினெட்டு வீடுகள். எந்த வீட்டில் எத்தனை மணிக்குக் குக்கர் விசில் அடிக்கும், எந்த வீட்டு மருமகள் போனில் அழுவதற்கு மொட்டை மாடிக்குப் போவாள், எந்த வீட்டுக்காரர் இனிப்பை விட்டுவிட்டதாக டாக்டரிடம் சொல்லிவிட்டு நேராக பேக்கரிக்குப் போகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நானாகப் போய் யாரையும் கேட்பதில்லை. கறிவேப்பிலை பறிக்க வெளியே வருவேன், தானாக வந்து விழும். இப்படிப் பேசிக்கொள்வதற்கு எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் பழமை என்று பெயர். இருபத்து மூன்று வருடமாக இந்த வீதியின் பழமை ஒன்பதாம் நம்பரில், அதாவது என் வீட்டில்தான் தயாராகிறது. அதற்குப் போட்டியாக ஒரு கிருமி வந்து சேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் வீடுகளின் பின்பக்கம்தான் நொச்சிக்குளம். பதினெட்டு வீட்டுப் பொடக்காலியிலிருந்தும் (கொல்லைப்புறத்தை அப்படித்தான் சொல்வோம்) ஒரு குழாய் நீண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குளத்தில் விடும். அதைக் குடித்துத்தான் ஆகாயத்தாமரை அப்படிக் கொழுத்துக் கிடந்தது. கொக்கு வந்தால் பறக்க வேண்டாம், நடந்தே அக்கரை போகலாம். நீர்நிலை வாரியத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பதினெட்டுக் குழாயையும் சிமெண்ட் வைத்து அடைக்கப் போவதாகச் சொன்னார்கள்.

அப்போது குறுக்கே வந்தவள்தான் மதுவந்தி. ஆராய்ச்சிக்காரப் பெண், இருபத்தெட்டு வயது, வரன் பார்க்கிறார்கள், இவள்தான் பிடிகொடுப்பதில்லை. (இதுவும் தானாக வந்து விழுந்ததுதான்.) ஒவ்வொரு வீட்டுப் பொடக்காலியிலும் ஜல்லி நிரப்பிய ஒரு தொட்டி கட்டி அதில் நாணல் நடுவாளாம். சமையல்கட்டுத் தண்ணீர் அதில் வடிந்து போகும்போது சத்தையெல்லாம் நாணல் உறிஞ்சிக்கொள்ளுமாம். நாற்பது நாள் அவகாசம். மூன்று வேளையும் சமைக்கிற ஏதாவது ஒரு வீட்டிலாவது சுத்தமான தண்ணீர் வெளியே வந்துவிட்டால், குளத்தைச் சுற்றியுள்ள முந்நூறு வீட்டுக்கும் அதே தொட்டி. வராவிட்டால் சிமெண்ட்.

சுத்தமா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் எங்கள் சங்கச் செயலாளர் நஞ்சப்பனின் கார் ஷெட்டில் கூட்டம் போட்டு, விரல் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றைக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக மணிகள்.

"இதென்ன அம்மிணி, ஜவ்வரிசியா?" என்றேன்.

"பாக்க அப்படித்தான் இருக்கும் அக்கா. ஒவ்வொரு மணிக்குள்ளயும் கோடிக்கணக்குல ஒரு நுண்ணுயிர் குடியிருக்கு. அதோட பசியையும் மின்மினிப்பூச்சியோட வெளிச்சத்தையும் சேத்து முடிச்சுப் போட்டு வெச்சிருக்கோம். பசிச்சா மினுக்கும். வயிறு நிறைஞ்சா அணைஞ்சிடும்."

நஞ்சப்பனுக்கு எதிலும் ஒரு கேள்வி கேட்டால்தான் பதவி செரிக்கும். "தண்ணியப் பாட்டல்ல புடிச்சு லேபுக்கு அனுப்புனா எத்தன சத்து இருக்குதுன்னு அவிங்களே சொல்லிப் போடறாங்க. இதுக்குப் போயி கிருமி எதுக்குங்?"

"லேப் சொல்றது எவ்வளவு இருக்குன்னுங்க அய்யா. இருக்கறதெல்லாம் வாய்க்குக் கெடைச்சிடுமா? பாஸ்பரஸ் சேத்துல இரும்போட ஒட்டிக்கிட்டுப் பூட்டிக் கெடக்கும். கணக்குல வரும், ஆனா செடிக்குக் கெடைக்காது. எவ்வளவு கெடைக்குதுன்னு தின்னு பாக்கறவனைத்தான் கேக்கணும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்றாம் நம்பர் வீட்டுக் கதைதான் இது. பண்டமெல்லாம் அலமாரியில் நிறைய இருக்கும், சாவி மாமியார் இடுப்பில் இருக்கும்.

ஆக, மினுக்கினால் பசி. பசி என்றால் அந்த வீட்டுத் தண்ணீரில் ஒன்றுமே மிச்சமில்லை, அதாவது சுத்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுவந்தி குழாய்களில் கட்டியிருக்கும் குழல்களைக் கழற்றி வந்து, கார் ஷெட்டில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைப்பாள். பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் கண்ணை வைத்து நாங்கள் பார்க்கலாம். அடுத்த வீட்டை ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதற்கு வாரியமே அனுமதி கொடுத்த இடம் உலகத்தில் எங்கள் வீதி ஒன்றாகத்தான் இருக்கும். நான் முதல் ஆளாக வரிசையில் நின்றேன். நஞ்சப்பன் வெளிச்சம், மங்கல், இருட்டு என்று மூன்று வகை பிரித்துப் பலகையில் எழுதுவார். இருட்டுக்கு மட்டும் சிவப்புச் சாக்பீஸ்.

முதல் வாரமே ஒரு கூத்து. பத்தாம் நம்பர் நாகரத்தினத்தின் குழல் கன்னங்கரேலென்று இருந்தது. மதுவந்தி மோந்து பார்த்தாள்.

"அக்கா, கஞ்சி வாசம் வருதே?"

"ஆமா கண்ணு. தெனமும் காத்தால ஒரு டம்ளர் ஊத்தறேன். பசியில மினுக்குதுன்னு நீதான சொன்னே? தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படி நாம மட்டும் திங்கறது?"

மதுவந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது பசியோட இருக்கணும் அக்கா! அதுதான் அதோட வேலையே!"

"இதென்ன வேலையோ! நம்ம வீதிக்கு வந்த ஒரு உசுரு பட்டினி கெடக்கோணும், அத நாம ஓட்டையில பாத்துக்கிட்டு நிக்கோணுமாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் நாகரத்தினம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு அதிகம்.

என் வீடு மங்கல். பாதி வீதியும் மங்கல்தான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கடைசியாகத் தொட்டி கட்டி முடித்த பதினாலாம் நம்பரின் குழலை முதல் முறையாக வைத்தார்கள். பெட்டிக்குள் டியூப் லைட் போட்டது போல நீலமாக எரிந்தது. மதுவந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பதினாலாம் நம்பர் தெய்வசிகாமணி அண்ணன். நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். ஓடுகிற நூலில் ஓர் இழை குறைந்தால் விரலிலேயே கண்டுபிடிப்பாராம். வீட்டிலும் அதே வேலைதான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரனை நிறுத்தி, "எந்த ஊரு உப்புங்க இது?" என்று கேட்கிற மனுசன். அவர் சம்சாரம் செல்லாத்தா அக்கா உயிரோடு இருந்தவரை ஒருநாளாவது "நல்லா இருக்குது" என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "பரவாயில்ல ரகம்", அவ்வளவுதான். அக்கா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பையன் டொராண்டோவில்.

"மூணு வேளையும் முறையான சமையல். சமையக்காரி காத்தால அஞ்சு மணிக்கு வந்துட்டு ஆறுக்கெல்லாம் போயிருவா" என்று மதுவந்தியின் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நஞ்சப்பன் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். அண்ணன் பெல்ட்டின் மிச்ச வார் இடுப்பைச் சுற்றி முதுகுவரை போயிருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து, வயதான காலத்தில் உடம்பை எப்படி வைத்திருக்கிறார் பார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபத்து மூன்று வருட அனுபவம் உள்ள கண்!

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சமையல்காரி எதைப் போட்டுப் பாத்திரம் கழுவுகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். மறுநாள் பதினோரு மணிக்குச் சல்லடை கேட்கும் சாக்கில் போனேன்.

"சல்லடையா... இருக்கும் அம்மிணி. எங்க இருக்குதுன்னுதான்..." என்று அண்ணன் இழுத்தார். "நானே பாத்துக்கறனுங்ண்ணா" என்று அவர் எழுவதற்குள் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

அக்கா போனபின் பையன் வாங்கிக் கொடுத்த புது அடுப்பு, அதன் கண்ணாடியில் கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. சுவரோரம் மளிகைப் பெட்டிகள் என் தோள் உயரத்துக்கு. பையன் ஏற்பாட்டில் வாரத்துக்கு ஒருமுறை டிரோனில் பறந்து வந்து மொட்டை மாடியில் இறங்குகிற பெட்டிகள்தான், ஒன்றிரண்டைத் தவிர எதையும் பிரிக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே காய் வாடிக் கிடந்தது, பால் திரிந்து கிடந்தது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அது தானாகவே டொராண்டோவுக்குச் சொல்லிவிடுமாம். பையன் அங்கே போனில் பார்த்து, அப்பாவுக்கு எல்லாம் நிறைந்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறான். மேடை மேல் பாதி பிரித்த ஒரு பிஸ்கட் பாக்கெட். இரண்டு வாழைப்பழத் தோல்.

இருக்கிறது வேறு, கிடைக்கிறது வேறு. கார் ஷெட்டில் அந்தப் பெண் சொன்னபோது மூன்றாம் நம்பரை நினைத்துச் சிரித்தவள் நான். ஐந்து வீடு தள்ளி இங்கே ஒரு மனுசன் வற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை, ஜவ்வரிசிக்குத் தெரிந்திருக்கிறது.

வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். "சமையக்காரி லீவு" என்றார்.

"எப்பருந்துங்ண்ணா?"

அவர் வாசல் நிலையை விரலால் தடவினார். "அடுப்பப் பத்த வெக்கத் தெரியாது அம்மிணி. அவ இருந்தவரைக்கும் இந்த நெலவுப்படியத் தாண்டி உள்ள வந்ததே இல்ல. இத்தன நாளு அவ சோத்துல கொற சொல்லிப்போட்டு, இப்பப் போயி யாருகிட்டக் கையேந்தறது? பழமை பேசிப்போடாத" என்றார்.

பழமை பேசாதே என்று என்னிடம்! ஆனாலும் தலையாட்டினேன். சும்மா சோறு அனுப்பினால் அவர் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆளைத் தெரிந்து பேச வேண்டுமல்லவா? "ஏனுங்ண்ணா, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணோணும். என்ற வீட்டுக்காரருக்கு நாக்கு செத்துப்போச்சு. உப்பு எச்சா கம்மியான்னு சொல்ல ஆளே இல்ல. தெனமும் தூக்குப்போசில குடுத்து உடறேன், தரம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து நின்றார். "எழுத்துலதான் தருவேன்" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. மத்தியானம் சோற்றுப் போசி போகும். ரெண்டு மணிக்குத் திரும்பி வரும், உள்ளே ஒரு சீட்டோடு. 'கொள்ளு ரசம்: சீரகம் அதிகம். பரவாயில்லை ரகம்.' 'அரிசிம்பருப்புச் சாதம்: குழைவு ஒத்துக்கொள்ளத்தக்கது.' 'கத்தரிக்காய்க் கடைசல்: மறு பரிசீலனைக்கு உரியது.' கடைசல் போசி மட்டும் வழித்து நக்கியதுபோல் வந்தது. அந்தச் சீட்டுகளைப் படித்து நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கினார்.

"கொஞ்ச நாளா ஒரு ஆளுக்கு எச்சாவே ஆக்கறயே?"

"ஜவ்வரிசிக்கு" என்றேன். அவர் செய்தித்தாளை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

இதில் நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. அண்ணன் போசியைக் கழுவ மாட்டார், அவருக்குத் தெரியாது. ரெண்டு வீட்டுச் சோற்றுப் பிசுக்கும் என் தொட்டியில் வடிந்தது. பதினாலாம் நம்பர் குழல் எப்போதும்போல நீலமாக எரிந்தது. ஒன்பதாம் நம்பர் மங்கலிலிருந்து இருட்டுக்குப் போனது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாக என் வீட்டு நம்பரைச் சிவப்பு எழுத்தில் பார்த்தேன்.

விடுவாளா நாகரத்தினம்? "வசந்தாமணி வீட்ல தெனமும் பந்தி நடக்குதாட்ட இருக்குது. யாருக்குன்னுதான் தெரியல" என்று கறிவேப்பிலை பறிக்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். என் பெரியம்மா பையன் கடனுக்குப் பயந்து என் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்று எட்டாம் நம்பரில் பேச்சு. என் வீட்டுக்காரருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் இங்கேயே வந்துவிட்டார்கள் என்று ஐந்தாம் நம்பரில். பாவம், அந்த மனுசனுக்கு ஒரு குடும்பத்துக்கே தெம்பு பத்தாது. இத்தனையையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீதியே வாயடைத்துப் போகும். அந்த வார்த்தையை விழுங்கி விழுங்கி எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

முப்பத்தேழாம் நாள் மதுவந்தி என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு வரைபடம், குழலோடு கட்டியிருந்த சின்னக் கருவி ஒன்று நிமிசத்துக்கு நிமிசம் வெளிச்சத்தை அளந்து வரைந்ததாம்.

"அக்கா, தெனமும் ரெண்டே காலுக்கு உங்க குழாயில சத்து ஒரு ஏத்தம் ஏறுது. காலையில இல்ல, சாயங்காலம் இல்ல. சரியா ரெண்டே கால். வீட்ல விருந்தாளியா?"

பார்த்தீர்களா? யார், எப்போது சாப்பிட்டார்கள் என்பதுவரை. என்னையே மிஞ்சிவிட்டது அந்தக் கிருமி. "எனக்குத் தெரியல அம்மிணி" என்றேன். இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்து எனக்கே கேட்டதில்லை.

"பரவால்லக்கா. எனக்குப் பதினாலாம் நம்பர் ஒண்ணு போதும்" என்று உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை வாரியத்துல இருந்து வராங்க. மூணு வேளை சமையல், தொட்டிக்கு அப்புறம் சுத்தமான தண்ணி. அய்யாதான் என்னோட சாட்சி. அவரை வெச்சுத்தான் முந்நூறு வீட்டுக்கும் தொட்டி கட்டப் போறாங்க."

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். முந்நூறு வீட்டிலும் மனுசர்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள். பிஸ்கட் தின்கிற ஒருவரைப் பார்த்துக் கட்டிய தொட்டி அதைத் தாங்குமா? என் வீட்டுத் தொட்டியே ஒரு ஆள் சோறு கூடுதலாக வந்ததும் கவிழ்ந்துவிட்டது. சொன்னால் அண்ணன் தலைகுனிய வேண்டும், இந்தப் பெண்ணின் நாற்பது நாள் உழைப்பு போய்விடும். சொல்லாவிட்டால் குளம் போய்விடும், இவள் பெயரும் அதோடு போகும்.

மறுநாள் போசி மூடிக்குள் நானும் ஒரு சீட்டு வைத்தேன். 'வெள்ளிக்கிழமை உங்களைக் காட்டித்தான் முந்நூறு தொட்டிக்கு உத்தரவு வாங்குகிறார்கள். நான் வாய் திறக்கமாட்டேன், சத்தியம். பருப்புக்கு உப்புச் சரியா என்று மட்டும் எழுதவும்.' போசி திரும்பி வந்தது. சீட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை கார் ஷெட்டில் வீதியே கூடியிருந்தது. வாரியத்து அதிகாரி அம்மா நாற்காலியில். தெய்வசிகாமணி அண்ணன் மடித்த பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "மிகச் சிறந்தது, பதினாலாம் நம்பர். மிக மோசமானது, ஒன்பதாம் நம்பர்."

"ஏனக்கா, இன்னைக்காச்சும் சொல்லு. தெனமும் யாருக்குப் பந்தி?" என்று பின்னாலிருந்து நாகரத்தினம்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"அதுல பாதி என்றதுங்க" என்று ஒரு குரல்.

அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு நின்றது. நாகரத்தினத்தின் வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

"ஒம்பதாம் நம்பர் குழாயில வர்றதுல பாதி நான் தின்ன சோறு. எனக்கு அடுப்புப் பத்த வெக்கத் தெரியாது. சமையக்காரின்னு ஒருத்தியே இல்ல. ஒன்னரை வருசமா பிஸ்கட்டும் பழமுந்தான். அதனாலதான் என்ற குழாய் அப்படி எரிஞ்சுது." பொன்னாடையை மேசை மேல் வைத்தார். "முப்பத்தஞ்சு வருசம் தரம் பாத்தவன் நான். ஒரு கோனு நூலுக்குக்கூடப் பொய்ச் சீட்டுக் குடுத்ததில்ல. ஒரு கொளத்துக்குக் குடுத்துப்போட்டேன். என்ற நம்பரப் பலகையில அடிச்சுருங்க அம்மிணி."

மதுவந்தி எழுந்து பலகைக்குப் போனாள். பதினாலு என்ற எண் எதிரே ஈரத் துணியை வைத்துக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரம். பிறகு துடைத்தாள். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"தொட்டி தோத்துடுச்சு மேடம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்குத்தான் தாங்குது. ரெண்டு பங்கு பெருசா கட்டிப் பாக்கணும், அறுபது நாள் கொடுங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆனா ஜவ்வரிசி பொய் சொல்லலை. நான்தான் தண்ணியப் பத்தி மட்டும் கேட்டேன்" என்றாள்.

அதிகாரி அம்மாவின் பேனா நின்றது. அறுபது நாளை எழுதிக்கொண்டார். ஆனால் அவர் யோசனை வேறெங்கோ போயிருந்தது. "எந்த வீட்ல சாப்பிடலைன்னு இது சொல்லிடுமா? அப்படின்னா ஊர் பூரா மாட்டலாமே. நாங்க ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கலாமே?"

"சொல்லும் மேடம். ஆனா சொன்னதுக்கு அப்புறம் போசி தூக்கிட்டுப் போறதுக்கு ஆபீஸ்ல யார் இருக்காங்க?" என்றாள் மதுவந்தி. அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. நானாவது வாசலில், ஆள் தெரிய நின்று பார்க்கிறேன்.

அன்று மத்தியானமே மூன்று வீட்டிலிருந்து, எங்கள் குழாயில் அந்தக் குழல் வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்று நஞ்சப்பனிடம் போய்ச் சொன்னார்கள். எந்த மூன்று வீடு என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

'அதுல பாதி என்றதுங்க' என்பதை நாகரத்தினம் அடுத்த வீதிக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்பது தனிக் கதை. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மீதிப் பாதி என்றதுதான?"

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி வாக்கில் மதுவந்தி பெட்டியோடு வந்தாள். அவளைக் கேட்டால், குழல்களைக் கழற்றும்போதே பதினாலாம் நம்பரில் என்னவோ ஆகிவிட்டது தெரிந்ததாம். "அக்கா, நீங்களே பாருங்க" என்றாள். ஓட்டையில் கண்ணை வைத்தேன். உள்ளே நீலமும் இல்லை, மங்கலும் இல்லை. கும்மிருட்டு.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். மேடை மேல் தூக்குப்போசி வந்திருந்தது. பளபளவென்று, கழுவி. சோப்பு வாசம் வாசல்வரை அடித்தது. அரை பாட்டில் ஊற்றியிருப்பார். உள்ளே சீட்டு.

'பாத்திரம் கழுவியது நான். பருப்புக்கு உப்புச் சரி. இரண்டும் நல்லா இருக்கு ரகம்.'

போசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டினேன். சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதி, போசியையும் சேர்த்து அவருக்கே திருப்பி அனுப்பினேன்.

'பருப்பு சரி. பாத்திரம்: அடியில் பிசுக்கு இருக்கிறது. மறுபடி கழுவவும்.'